சிலியின் தடையும் பிரேசிலின் சான்றிதழும்

1965 மார்ச் 28, ஞாயிறு நண்பகல் 12.33. சிலி நாட்டின் லா லிகுவா பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் எல் சோல்டாடோ செப்புச் சுரங்கத்தின் கழிவு அணைகள் இரண்டு உடைந்தன. சேறு பள்ளத்தாக்கில் 12 கிலோமீட்டர் ஓடி, எல் கோப்ரே என்ற தொழிலாளர் குடியிருப்பை மூடியது. இறந்தவர்கள் 200-க்கும் மேல். 2019 ஜனவரி 25, வெள்ளி நண்பகல் 12.28. பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்க அணை சரிந்தது. அங்கே நிலநடுக்கம் எதுவும் இல்லை. இறந்தவர்கள் 270 பேர்.

இரண்டு இடங்களிலும் உள்நோக்கி உயர்த்தும் முறையில் எழுப்பிய அணை உடைந்தது. தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் பொடியும் நீரும் கலந்த சேற்றை ஒரு சிறு கரைக்குப் பின்னால் விடுவார்கள். அது நிரம்பியதும் அடுத்த கரையைச் சற்று உள்ளே தள்ளி, முன்பு கொட்டிய சேற்றின் மேலேயே எழுப்புவார்கள். உழுத சேற்று வயலின் மேல் வரப்புக்கு மேல் வரப்பாகக் கட்டிக்கொண்டே போவது போன்றது இது. மண் குறைவாகப் போதும், செலவும் குறைவு. ஆனால் அடியில் உள்ள கழிவு நீர் வடியாமல் தளர்வாகவே கிடந்தால், ஓர் அதிர்ச்சியில் அது கெட்டித்தன்மை இழந்து கூழாகிவிடும். அந்த அதிர்ச்சி பூமிக்குள்ளிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. புருமாடின்யோவை ஆராய்ந்த வல்லுநர் குழு, பாரம் தாங்கித் தாங்கி மெல்ல இளகிவந்த கழிவும், மழையால் மேற்பகுதியில் குறைந்த பிடிப்பும் சேர்ந்தே அணையைச் சாய்த்தன என்றது.

எல் கோப்ரேவுக்குப் பிறகு சிலி ஐந்தே ஆண்டுகளில் முடிவெடுத்தது. 1970-ஆம் ஆண்டு ஆணை எண் 86, உள்நோக்கி உயர்த்தும் முறையைத் தடை செய்தது. 2007-இல் அதன் இடத்துக்கு வந்த ஆணை எண் 248-உம் அந்தத் தடையை விடவில்லை. அங்கே பெரிய அணைகளில், கழிவைச் சுழற்றிப் பருமணலைத் தனியே பிரித்து, அடியில் வடிகால் வைத்து, வெளிநோக்கி அகலும் கரையாக எழுப்புகிறார்கள். நுண்சேறு பின்னால் தங்கும். இதற்கு மணலும் இடமும் பணமும் அதிகம் வேண்டும். சிலி அதை விரும்பிச் செய்ததாக எண்ணத் தேவையில்லை. பூமி அடிக்கடி குலுங்கும் நாட்டுக்கு வேறு வழியில்லை.

பிரேசிலுக்கு அந்த நெருக்கடி இல்லை. நிலம் அமைதியானது, மலிவான முறை போதும் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2010-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது கட்டும் முறையைத் தொடவில்லை. 2015 நவம்பர் 5 அன்று மரியானாவில் சமார்கோ நிறுவனத்தின் ஃபுண்டாவ் அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். பெண்ட்டோ ரோட்ரிகெஸ் என்ற ஊர் அழிந்தது, டோசே ஆறு கடல்வரை செங்குழம்பாக ஓடியது. அதன் பிறகும் அந்த முறைக்கு நாடு தழுவிய தடை வரவில்லை. 2017-இல் வந்த விதி, ஆண்டுக்கு இருமுறை அணை உறுதியாக இருப்பதாக அறிக்கை கேட்டது. அந்த அறிக்கைக்கான பொறியாளரை அமர்த்தி, கூலி கொடுப்பது சுரங்க நிறுவனம்!

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் புருமாடின்யோவில் பார்க்கலாம். 1976-இல் தொடங்கி 2013 வரை படிப்படியாக உயர்ந்து 86 மீட்டரை எட்டிய அணை அது. 2016-க்குப் பிறகு அதில் கழிவு கொட்டவில்லை. டூஃப் சூட் என்ற ஜெர்மன் நிறுவனம் 2018 செப்டம்பரில் அது உறுதியானது என்று சான்று தந்தது. கணக்கில் வந்த பாதுகாப்புக் காரணி, அதாவது கரையின் தாங்குவலிமை அதைச் சாய்க்கும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண், 1.09. இருக்கவேண்டியதாக வல்லுநர்கள் சொல்லிவந்தது 1.3. நாலே மாதத்தில் அணை போயிற்று. எதிரே இருந்த கேமராவில் அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது: உச்சிக்கரை தாழ்கிறது, முகப்பு முழுதும் உப்பிப் பிளக்கிறது, அணை சேறாகிக் கீழே புரள்கிறது. 5 நிமிடத்துக்குள் சுமார் 97 லட்சம் கன மீட்டர் வெளியேறிவிட்டது. அது பாயும் வழியிலேயே சுரங்கத்தின் அலுவலகமும் உணவகமும் இருந்தன. சாப்பாட்டு நேரம். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை.

ஒருவர் கையெழுத்தை நம்பி நிற்கும் விதியைவிட, கரை நிற்கும் விதத்தையே கட்டுப்படுத்தும் விதி மேல் என்பது என் எண்ணம். கரையை எங்கே எழுப்பினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு கணக்கில் எதை விட்டார்கள், எதைத் தளர்த்தினார்கள் என்பது கணக்குப் போட்டவருக்குத்தான் தெரியும்.

அதற்காகச் சிலிக்கு முழு மதிப்பெண் தர முடியாது. 2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவிலான நிலநடுக்கத்தில் பெரிய நவீன அணைகள் தாங்கின. ஆனால் பென்காவே அருகே, கைவிடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தின் லாஸ் பால்மாஸ் கழிவுத் தேக்கம் கரைந்து ஓடி, ஒரே குடும்பத்தில் 4 பேரைக் கொன்றது. சுரங்கங்களை மூடுவதற்கென்று தனிச்சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. அந்நாட்டில் உள்ள 700-க்கும் மேற்பட்ட கழிவுத் தேக்கங்களில் இயங்குபவை சிறுபகுதிதான். புதிதாகக் கட்டுவதற்கான கண்டிப்பு, விட்டுப்போனவற்றைக் காவல் காக்காது.

இந்த இடத்தில் பிரேசிலின் இன்றைய சட்டம் ஒரு படி முன்னே போகிறது. அணை உடைந்தால் அதிகாரிகள் வந்து சேர நேரமில்லாத பகுதிக்கு அங்கே 'தற்காப்பு மண்டலம்' என்று பெயர், அதாவது ஓடித் தப்புவது அவரவர் பொறுப்பு! அந்த மண்டலத்தில் மக்கள் குடியிருந்தால் புதிய கழிவு அணையே கட்டக்கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் சட்டம் 14,066. உள்நோக்கி உயர்த்தும் முறையையும் அது தடுத்தது. இருப்பவற்றைக் கலைக்க 2022 பிப்ரவரி 25 வரை கெடு வைத்தது. கெடு முடிந்த அன்று, மரியானாவும் புருமாடின்யோவும் உள்ள மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் அத்தகைய அணைகளில் பெரும்பாலானவை கலைக்கப்படாமல் அப்படியே இருந்தன.