ஊசியைப் பறிகொடுத்த தையற்காரன்

கின்ஷாசாவுக்கு அப்போது லியோபோல்ட்வில் என்று பெயர்; கொங்கோவை பெல்ஜியம் ஆண்டுகொண்டிருந்தது. 1956இல் அந்நகரின் ஓ.கே. பார் என்னும் மதுச்சாலையில் வாசித்த இளைஞர்கள் அமைத்த குழுவே ஓ.கே. ஜாஸ். பெயரில் இருந்த ஜாஸ் இசையில் இல்லை. அவர்கள் வாசித்தது ரும்பா. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் தாளம் கியூபாவில் உருமாறி, இசைத்தட்டுகள் வழியே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய வடிவம் அது.

கித்தார் வாசித்த பிராங்கோ லுவாம்போவுக்கு அப்போது வயது 17. தாயார் சந்தையில் பலகாரம் விற்றவர். பின்னாளில் இவரே குழுவின் தலைவரானார். குழுவும் பெருகி, 'சர்வ வல்லமை பொருந்திய' என்ற அடைமொழியைச் சூடிக்கொண்டது. (அடக்கம் இவர்களது குணமல்ல.) பாடல் நிதானமாகத் தொடங்கும், பாதிக்குமேல் கித்தார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆட்டத்துக்கு இழுக்கும். 'செபென்' எனப்படும் அப்பகுதிக்காகவே காத்திருந்தவர்கள் உண்டு.

எனினும், நம்மை ஈர்ப்பது அதற்கு முந்தைய பாதியே. நாம் சாடை பேசுதல் என்பதை அவர்கள் லிங்காலா மொழியில் ம்ப்வாகேலா என்கிறார்கள். 1966இல் மொபூட்டுவின் அரசு முன்னாள் பிரதமர் உட்பட நால்வரைப் பொதுமக்கள் முன் தூக்கிலிட்டது. பிராங்கோ, சூனியக்காரன் ஒருவனைப் பற்றிய பழம்பாடலைப் பாடினார். அவ்வளவுதான், இசைத்தட்டு தடைசெய்யப்பட்டது, பாடியவர் ஆற்றைக் கடந்து பிராசவில்லில் ஒதுங்க நேர்ந்தது. 1978இல் ஆபாசப் பாடல்களுக்காகச் சிறை. 1980களின் தொடக்கத்தில் 'தையற்காரன்' வந்தது. ஊசியின் சொந்தக்காரன் ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்; இனி எதைக் கொண்டு தைப்பாய் என்று கேட்கும் பாடல். பெயர் எதுவும் இல்லை. தம்மைச் சிறைக்கு அனுப்பிய உயரதிகாரி பதவியிழந்ததையே பிராங்கோ குத்திக்காட்டுகிறார் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டனர்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கலகக்காரக் கலைஞர் ஒருவர் நமக்குக் கிடைத்துவிடுவார். ஆனால் 1984இல் இதே குழு 'நம் வேட்பாளர் மொபூட்டு' என்று மனங்குளிரப் பாடியது. அச்சத்தினால் மட்டும் பாடினார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அரசின் தயவில் அவர் செழித்தார் என்பதும் உண்மை. ஊசி யாருடையது என்று அவரைவிட நன்கறிந்தவர் யார்?

எய்ட்ஸ் குறித்து எச்சரிக்கும் நெடும்பாடலை 1987இல் பதிவுசெய்த பிராங்கோ, 1989 அக்டோபர் 12 அன்று பெல்ஜியத்தில் இறந்தார். மொபூட்டுவின் அரசு நாடு முழுவதும் நான்கு நாள் துக்கம் அறிவித்தது.