குற்றத்திலிருந்து உரிமைக்கு

இடக்கொச்சியில் அக்வினாஸ் கல்லூரி தொடங்கப்பட்ட 1981இல், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த மாணவர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அவருக்கு ஓராண்டுவரை சிறை விதிக்க இடமளித்தது. நேர்ந்ததை வெளியே சொல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாயிற்று.

இச்சூழலில்தான் 1986இல் சென்னையில் ‘சினேகா’ உருவானது. அதன் தன்னார்வலர்கள் செவிகொடுத்துக் கேட்பதையே உதவியாக்கினர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதியது; மனநலத் தகவல்களின் இரகசியத்தையும் உரிமையாக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் வேண்டும் என்றது.

ஆலோசகரை நியமிக்க ஓர் ஆணை போதும். தம் இசைவின்றித் துறைத்தலைவருக்கோ வீட்டுக்கோ செய்தி போகாது என்று மாணவர் நம்பினால்தான் அந்த அறையின் கதவு தட்டப்படும்.