பெயரில்லாத வீரனின் பெயர்

சிகாகோ கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் யூஜின் டெலக்ரோவா 1826இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. குதிரைமீதமர்ந்த இருவர் ஆயுதம் ஓங்கி மோதுகிறார்கள். ஒருவன் ஹசன். மற்றவனை ஓவியத்தின் தலைப்பு 'கியாவுர்' என்கிறது. பார்ப்பவர்கள் அதை அவன் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது பெயரன்று, வசவு.

கதை ஆங்கிலக் கவிஞர் பைரனுடையது. 1813இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதையில், ஹசனின் அந்தப்புரத்து அடிமைப்பெண் லைலா வெனிஸ் நாட்டு இளைஞன் ஒருவனைக் காதலிக்கிறாள். அந்தக் குற்றத்துக்காக அவளைக் கடலில் அமிழ்த்துகிறார்கள். காதலன் ஹசனைக் கொன்று பழிதீர்க்கிறான். பின்பு ஒரு மடத்தில் ஒதுங்கி, ஆறாத துயரோடு சாகிறான். அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயரைப் பைரன் கடைசிவரை சொல்லவில்லை. பகைவன் வாயில் வந்த சொல்லே அவனுக்குப் பெயராக நின்றுவிட்டது.

துருக்கி மொழியில் 'கியாவுர்' என்றால் இஸ்லாத்தைச் சேராதவன். கிரேக்கர், ஆர்மேனியர், வெனிஸ்காரர் எல்லாருக்கும் இந்த ஒரே இளக்காரச் சொல்தான். கிறித்தவர்கள் மிகுந்திருந்த இஸ்மிர் நகரத்துக்கே 'கியாவுர் இஸ்மிர்' என்ற பட்டம் உண்டு. துருக்கி இதைப் பாரசீகத்திலிருந்து பெற்றது. அங்கே 'கப்ர்' என்பது, நெருப்பைப் போற்றும் பழைய ஜொராஸ்ட்ரிய சமயத்தாரைக் குறித்தது. அதற்கும் பின்னே போனால் வழி இரண்டாகப் பிரிகிறது. அரபியின் 'காஃபிர்' என்பதன் திரிபு என்கிறார்கள் ஒரு சாரார். 'மனிதன்' எனப் பொருள்படும் அரமேயச் சொல் என்கிறார்கள் வேறு சிலர். பொருள் ஒற்றுமையைப் பார்த்தால் எனக்கு முதல் கருத்தே ஏற்புடையது.

'காஃபிர்' என்பதன் வேர்ப்பொருள் மூடுதல். விதையை மண்ணால் மூடும் உழவர்களையும் குர்ஆன் ஓரிடத்தில் இச்சொல்லால் குறிக்கிறது. உண்மையை மூடுபவன், ஆகவே நம்பாதவன் என்று பொருள் விரிந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தம் சமயம் சாராதவர்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கீசியர் அதை ஓர் இனப்பெயர் என்று கொண்டார்கள். அவர்கள் வழியாக நமக்கு வந்ததே 'காப்பிரி'. இலங்கையின் புத்தளம் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வழியினரை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

டெலக்ரோவா தீட்டிய காலத்தில் கிரேக்கர்கள் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் போருக்குத் துணைநிற்கப் போன பைரன் 1824இல் மிசொலோங்கியில் இறந்திருந்தார். கிரேக்கர்களுக்கு நிதி திரட்டப் பாரிஸில் நடந்த கண்காட்சியில் இந்த ஓவியமும் இருந்தது. வசவாகப் பிறந்த சொல் அங்கே வீரனின் பட்டமாயிற்று. துருக்கியிலோ, சமயத்தையோ இனத்தையோ மொழியையோ காட்டிக் குடிமக்களில் ஒரு பிரிவினரைத் தாழ்த்தும் சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும்படி 1856இல் சுல்தானின் ஆணை பிறந்தது.

தமிழில் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் 'கியாவுர்' என்று வெறுமனே ஒலிபெயர்த்து விட்டுவிடலாகாது. பக்கத்தில் 'காஃபிர் என்று ஏசப்பட்டவன்' என ஒரு வரி சேருங்கள். இருவரும் ஏன் மோதுகிறார்கள் என்பதில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.