ஒஷினின் அரிசி மூட்டை

பேலியகொடையில் களனி கங்கையைக் கடக்கும் புதிய பாலம் ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2021 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஜப்பான் இந்நாட்டுக்கு வேறொரு பாலத்தை அமைத்துக் கொடுத்திருந்தது. ஜப்பானிய அரசின் மானிய உதவியுடன் உருவாகி, 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிவைக்கப்பட்ட ரூபவாஹினியையே சொல்கிறேன். எண்பதுகளில் அந்தப் பாலத்தின் வழியாக எமது வீடுகளுக்குள் நடந்து வந்தவள் ஒஷின்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 அத்தியாயங்களாக இத்தொடரை ஒளிபரப்பியது. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடங்கள். கணவன் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போனபின் வீட்டில் எஞ்சியிருக்கும் பெண்களை எண்ணி வகுக்கப்பட்ட காலை நேரம் அது. அந்த நேரத்துக்குரிய தொடரை அங்கு சராசரியாக 52.6 சதவீதத்தினர் பார்த்தனர் என்றால், நாடே நின்று பார்த்தது எனலாம். பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது ஒளிபரப்பானது.

இலங்கையில் ஒஷினைப் பொறுமையின் சின்னமாகவே பலரும் கொண்டாடினர். 'பெண் என்றால் இப்படித் தாங்கிக்கொள்ள வேண்டும்' என்று மாமியார்மார் மருமக்களுக்கு எடுத்துக்காட்டவும் அவள் பயன்பட்டாள். அது தொடரைப் பாதியாகப் படித்த படிப்பு என்பது எனது கருத்து. ஒஷினின் கதை பொறுமையின் கதை என்பதைவிட, பெண்ணின் உழைப்புக்கு இடப்பட்ட விலையின் கதை என்பதே பொருத்தம்.

கதையைச் சற்று நினைவுகூர்வோம். 1901இல் யமகாதா மாவட்டத்தின் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த ஒஷின், ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படுகிறாள். பின்னர் சகாதாவில் ஓர் அரிசி வணிகர் வீட்டில் கணக்குப் பழகுகிறாள். தோக்கியோவில் சிகை அலங்காரம் கற்றுச் சொந்தக் காலில் நிற்கிறாள். 1923இன் பெரும் பூகம்பத்தில் உடைமைகள் அழியவே, சாகாவிலுள்ள கணவனின் நிலவுடைமைக் குடும்பத்துக்குப் போகிறாள். அங்கே மாமியாரின் கொடுமை. கையில் ஏற்பட்ட காயத்தால் சிகைத்தொழிலையும், பிரசவத்தில் குழந்தையையும் இழக்கிறாள். இவ்வளவுக்கும் அவள் பொறுத்தாள் என்பதையே எம்மவர் நினைவில் வைத்தனர். அதற்குப் பின்னர் மகனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைவிட்டே வெளியேறினாள் என்பதை மறந்தனர். இசேயில் வண்டி தள்ளி மீன் விற்றாள், மீன்கடை வைத்தாள், முடிவில் பல்பொருள் அங்காடிகளின் உரிமையாளரானாள்.

நாடக ஆசிரியை ஹஷிதா சுகாகோவின் வாழ்க்கையும் இவ்விடத்தில் கவனத்துக்குரியது. 1925இல் பிறந்த அவர், ஷோச்சிக்கு திரைப்பட நிறுவனத்தின் திரைக்கதைப் பிரிவில் சேர்ந்த முதற் பெண். எழுத்திலிருந்து விலக்கிச் செயலாளர் பணிக்கு மாற்ற முற்பட்டபோது, வேலையையே துறந்து வெளியேறியவர். 2021இல் மறையும்வரை எழுத்தே அவரது வாழ்வாயிருந்தது.

ஒஷினை நாடுகள் வெவ்வேறு விதமாக வாங்கிக்கொண்டன. ஈரானில் 1989இல், தனக்கு முன்மாதிரி நபிகளாரின் மகள் பாத்திமா அல்ல, ஒஷினே என்று ஒரு பெண் வானொலியில் கூறியது ஆயத்துல்லா கொமெய்னியின் கோபத்துக்கு உள்ளானது. ஒலிபரப்பு அதிகாரிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டது. வியட்நாமிலோ 'ஒஷின்' என்பது வீட்டுப் பணிப்பெண்ணைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே மாறிவிட்டது. கதாநாயகி முதலாளியாக உயர்ந்ததை விட்டுவிட்டு, அவளது வேலைக்காரிப் பருவத்தை மட்டும் அந்த மொழி எடுத்துக்கொண்டது.

எமது நகரமும் அதையே வேறு விதமாகச் செய்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒஷினுக்காகக் கண்ணீர் விட்ட வரவேற்பறைகள் பல. அவற்றுள் சிலவற்றின் பின்புறத்துக் குசினிகளில், தோட்டத்து லயங்களிலிருந்து அனுப்பப்பட்ட மலையகச் சிறுமிகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தனர். அவர்களது சம்பளமும் பெற்றோரின் கைக்கே போனது. யமகாதாவின் பனியில் நடந்த குழந்தைக்காக இரங்கிய மனம், ஹற்றன் ரயிலில் வந்த குழந்தைக்காக இரங்கவில்லை. திரையில் தெரிவது கதை, வீட்டில் இருப்பது வழக்கம் என்ற பிரிவினையே இதற்குக் காரணம். 2021இல் இந்நாட்டில் தொழில் செய்வதற்கான ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலை செய்த 16 வயது மலையகச் சிறுமி தீக்காயங்களுடன் உயிரிழந்தாள். சட்டம் எழுதப்பட்ட பின்னரும் குசினிக் கதவு மூடியே இருந்தது.

ஜப்பானியத் தொலைக்காட்சி ஒஷினோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கு வேலைவாய்ப்பில் சமவாய்ப்புச் சட்டம் 1985இல் நிறைவேறியது. 1991இன் 'தோக்கியோ லவ் ஸ்டோரி'யில், காதலை முதலில் வெளிப்படுத்துபவளும் முடிவைத் தானே எடுப்பவளும் பெண்தான். 2016இல் வந்த ஒரு தொடரில், வேலையிழந்த பட்டதாரிப் பெண் சம்பளத்துக்கு வீட்டுவேலை செய்யும் ஒப்பந்தத்தில் மனைவியாகிறாள். காதல் மலர்ந்து உண்மைத் திருமணப் பேச்சு வரும்போது, இனிச் சம்பளம் தேவையில்லை என்று அவன் கணக்கிடுகிறான். அன்பின் பெயரால் உழைப்பைச் சுரண்டுவதாக அவள் மறுக்கிறாள். 2024இல் என்.எச்.கே.யின் காலைத் தொடர், ஜப்பானின் முதற் பெண் சட்டத்தரணிகளுள் ஒருவரும் பின்னாளில் நீதிபதியுமான மிபுச்சி யோஷிகோவின் வாழ்வைத் தழுவி அமைந்தது. அரிசி மூட்டைக்கு விற்கப்பட்டவள், சம்பளம் கேட்பவள், சட்டம் கேட்பவள் என்று இவர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். உழைப்பின் விலையை யார் தீர்மானிப்பது என்ற ஒரே கேள்வியே மூவரிடமும் தொடர்கிறது.

இலங்கையில் வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. எசமானரின் பாதுகாப்புக்காக வேலைக்காரரின் பெயரை ஏட்டில் எழுதிவைக்க அன்றைய அரசு அக்கறை கொண்டது. அவர்களுக்கு என்ன கொடுக்கப்படுகிறது, எத்தனை மணிநேரம் அவர்கள் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இருக்கவில்லை. ஒஷினுக்காவது ஒரு மூட்டை அரிசி என்று விலை பேசப்பட்டது. எமது குசினிகளில் வளர்ந்த பல சிறுமிகளுக்கு 'வீட்டுப் பிள்ளை மாதிரி' என்ற சொல்லே கூலியாயிற்று. வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போனாள், அவள் போகவில்லை.