சிவப்பு விளக்கு வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

மணலிப் பக்கத்து ஆட்களுக்குச் சிவப்பு வெளிச்சம் என்றால், சுத்திகரிப்பு ஆலையின் குழாய் உச்சியில் ராத்திரியில் எரிகிற தீதான் முதலில் ஞாபகம் வரும். இப்போது இன்னொரு சிவப்பு வெளிச்சமும் வந்திருக்கிறது. முகத்தில் மாட்டும் முகமூடி, தலையில் போடும் தொப்பி, முட்டியில் சுற்றும் பட்டை, சுவரில் தொங்கும் பலகை என்று பல வடிவம். 'ரெட் லைட் தெரபி' என்று பெயர். சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. தவணையிலும் கிடைக்கிறது.

மணலி புதுநகரில் எங்கள் தெரு அக்கா ஒருவர் முட்டிவலிக்காக இதைத் தவணையில் வாங்க யோசிக்கிறார். "நீ பி.காம். படிக்கிற பிள்ளைதானே, வாங்கலாமான்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். வாங்கும் முன் பழைய கணக்கைப் புரட்டுவதுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தது? புரட்டினால் நூற்றிமுப்பது வருடக் கதை இருக்கிறது.

நோபல் பரிசு எதற்கு?

இந்த விளம்பரங்களில் அடிக்கடி வரும் பெயர் நீல்ஸ் ஃபின்சன். டென்மார்க் மருத்துவர். ஒளி மருத்துவத்துக்காக 1903-ல் நோபல் பரிசு வாங்கியவர். இதுவரை உண்மை. ஆனால் பரிசு சிவப்பு ஒளிக்காக இல்லை.

ஃபின்சன் இரண்டு வேலை செய்தார். 1893-ல், பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு வெளிச்சம் மட்டும் உள்ள அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்றார். சிவப்பு குணமாக்கும் என்பதல்ல அவர் வாதம். தோலை எரிக்கும் ஊதா, புற ஊதாக் கதிர்களை அது தடுக்கும் என்பதுதான். பின்னால் வந்த மருத்துவர்கள் சோதித்தபோது அதில் பெரிய பலன் தெரியவில்லை, முறையும் வழக்கொழிந்தது. இரண்டாவது வேலை, தோலில் வரும் காசநோயை ஆர்க் விளக்கின் செறிவான ஒளியால் குணப்படுத்தியது. நோபல் கிடைத்தது இதற்குத்தான். அந்த ஒளியின் வேலை ஊதாப் பக்கத்தில், சிவப்பில் அல்ல. அதாவது ஒருவர் ஒரு நிறத்துக்காக வாங்கிய பரிசை, இன்னொரு நிறத்தை விற்கப் பயன்படுத்துகிறார்கள் :-)

பம்பாயிலிருந்து போன ஒரு விளக்கு

அடுத்தவர் நம் நாட்டுக்காரர். தின்ஷா கடியாலி, 1873-ல் பம்பாயில் பிறந்த பார்சி. 1911-ல் அமெரிக்கா போனார். 1920-ல் 'ஸ்பெக்ட்ரோ-குரோம்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். ஒரு பெட்டி, உள்ளே பெரிய பல்பு, முன்னால் மாற்றி மாற்றிச் சொருக வண்ணக் கண்ணாடிகள். அவ்வளவுதான். உடை களைந்து, சூரிய சந்திர நிலை பார்த்துக் கணித்த நேரத்தில், நோய்க்கேற்ற நிற வெளிச்சத்தை உடம்பில் பட விட வேண்டும். நம்மூர் நல்ல நேரம் பார்ப்பது மாதிரி.

வியாபாரமாகப் பார்த்தால் கடியாலி கெட்டிக்காரர். வெறும் பெட்டியை விற்கவில்லை. வகுப்பு, புத்தகம், சங்கத்தில் உறுப்பினர் என்று சேர்த்து விற்றார். சாட்சி சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், நீரிழிவு உட்பட ஏறக்குறைய எல்லா நோய்க்கும் வண்ண ஒளியே போதும் என்றார். அதை நம்பி மருந்தை விட்டவன் கதி என்ன? அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1947-ல் தண்டனை வாங்கிக் கொடுத்தது. 20,000 டாலர் அபராதம்.

மெட்ராஸ் செய்த சோதனை

'பலன் கிடைத்தது' என்று நாலு பேர் சொன்னால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் நம் ஊரில் இருக்கிறது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு இவைதான் வைத்தியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அந்த வழியில் வந்ததுதான்.

மருந்து வந்த பிறகும் சானடோரியம் அவசியமா? 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதைச் சோதித்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் அதே மருந்து. ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு நெருக்கடியான சொந்த வீட்டில். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். காற்று, வெளிச்சம், ஓய்வு நல்லதுதான், ஆனால் குணமாக்கியது மருந்து. இதை எந்த வாதத்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சிவப்புக்கு நிஜமாகவே வந்த காலம்

அப்படியென்றால் இப்போதைய சிவப்பு விளக்கு எல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. 1967-ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் எலிகள் மேல் ரூபி லேசரைப் பாய்ச்சினார். மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. குறைந்த சக்திச் சிவப்பு ஒளி திசுவில் ஏதோ செய்கிறது என்ற ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. 1962-ல் பிறந்த சிவப்பு எல்.இ.டி., லேசரை விட மலிவான வழியைத் திறந்தது. விண்வெளியில் செடி வளர்க்க நாசா ஆதரவில் உருவான எல்.இ.டி.களைக் காயம் ஆற்றவும் சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, இந்த ஒளியைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே சில நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கின்றன. முடி உதிர்வுக்கும் ஓரளவு சான்று உண்டு. முட்டிவலியில் முடிவுகள் கலவைதான்.

அப்போ வாங்கும்போது என்ன பார்ப்பது?

1. அலைநீளம். ஆராய்ச்சிகளில் அதிகம் வருவது 630-660 நானோமீட்டர் சிவப்பும், 810-850 நானோமீட்டர் அகச்சிவப்பும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது என்பதால், பளிச்சென்று எரிவது தரத்துக்கு அடையாளம் இல்லை. இந்த எண்ணே போடாத பெட்டியை அப்படியே வைத்துவிடுங்கள்.

2. ஒளியின் அளவு. உடம்பில் படும் இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எந்தத் தூரத்தில்? 20 மில்லிவாட் என்றால் பத்து நிமிடத்தில் (600 விநாடி) 12 ஜூல். அதிகம் வைத்தால் அதிகப் பலன் என்பதும் கிடையாது, அளவு மீறினால் பலன் குறைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. '1000 வாட்' என்று பெட்டியில் போட்டிருப்பது இந்த அளவு இல்லை. பல பலகைகள் அதில் பாதி மின்சாரம்கூட இழுப்பதில்லை.

3. வெப்ப விளக்கா, எல்.இ.டி.யா? பிசியோதெரபியில் 'லைட் வைக்கிறது' என்போமே, அந்தச் சிவப்பு பல்பு சூடு ஒத்தடம். விலை குறைவு, ஆனால் வேலை வேறு. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு அதில் சூடு தெரியாமல் புண்ணாகும் ஆபத்து உண்டு.

4. முத்திரை. அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் 'கிளியர்டு' வேறு, 'அப்ரூவ்டு' வேறு. முதலாவது, ஏற்கனவே விற்பனையில் உள்ள கருவிக்கு இணையானது என்று மட்டும் சொல்கிறது. இங்கே மருத்துவக் கருவி என்று விற்றால் 2017 விதிகளின்படி உரிமம் வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. அப்படிச் சொல்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

5. திருப்பித் தரும் வசதி. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். திருப்பித் தர ஏழு நாள்தான் என்றால், பலன் தெரியும் முன்பே கெடு முடிந்துவிடும். தவணையோ ஓடிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்கு மறைப்பு வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், புற்றுநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

என் கணக்கு இதுதான். எண்களைத் தெளிவாகப் போட்ட சின்னக் கருவி, கையில் உள்ள காசுக்குள் வந்தால், கூடுதல் உதவியாக வாங்கிப் பார்க்கலாம். கடன் வாங்கி வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு வேண்டவே வேண்டாம். முட்டிவலிக்கு இதைவிட உறுதியான சான்று தொடைத் தசைக்கான உடற்பயிற்சிக்குத்தான் இருக்கிறது. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் ஒருமுறை கற்றுக்கொண்டு வந்தால் வீட்டிலேயே செய்யலாம், மாதத் தவணை கிடையாது.