வங்கதேசப் பெண்களின் தட்டுக்கு வந்த மொலா மீன்

மீன் ஆணம் வைத்த அன்று நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது? பெரும்பாலும் வாப்பாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும். கடைசியில் உண்ணும் உம்மாவுக்கு வாலும் ஆணமும் மிஞ்சும். வங்கதேச வீடுகளிலும் இதே வழக்கம்தான். சத்துக்குறைவு அங்கே பெண்களையும் குழந்தைகளையும் கடுமையாகப் பாதித்து வந்தது.

டிரினிடாடில் பிறந்த சத்துணவு ஆய்வாளர் சகுந்தலா தில்ஸ்டெட் 1980களின் பிற்பகுதியில் வங்கதேசம் சென்றார். சிறுமீன் தின்றால் உடலுக்குத் தெம்பு என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதை அவர் கிழவிக் கதை என்று ஒதுக்கவில்லை. மீன்களைச் சோதித்துப் பார்த்தார். நம் நெத்திலியைப் போல முழுசாகத் தின்னும் மொலா என்ற குளத்து மீனில், 100 கிராமுக்குச் சுமார் 2,500 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருந்தது. வளர்ப்புக் கெண்டைகளில் அது மிகச் சொற்பம். இரும்பும் துத்தநாகமும் மொலாவில் உண்டு. முள்ளோடு தின்பதால் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து, பாலில் உள்ளதைப் போலவே உடலில் சேர்கிறது. ஆனால் வைட்டமின் ஏ பெரும்பகுதியும் கண்ணிலும் குடலிலும்தான் இருக்கிறது. தலையைக் கிள்ளி எறிந்தால் அதுவும் போச்சு!

அதுவரை கெண்டைக் குஞ்சு விடுமுன், குளத்தில் மருந்து போட்டுச் சிறுமீன்களைக் களையென்று கொல்வதே வழக்கம். ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே குளத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். கெண்டை விளைச்சல் குறையவில்லை. மொலா குளத்திலேயே இனம் பெருக்குவதால் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கும் செலவுமில்லை. வேண்டும்போது கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். பெண்களே பிடிக்கத் தோதான வலையையும் உருவாக்கிக் கொடுத்தார்கள். கெண்டை சந்தைக்குப் போனாலும் மொலா அடுப்படிக்கு வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பெரிய மீனைத் துண்டு போட்டால் பங்கில் ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. சிறுமீனைக் கரண்டியால் அள்ளித்தான் வைக்க வேண்டும். பெண்பிள்ளைக்கும் அதே கரண்டிதான். ஆய்வாளர்களும் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மொலா சர்வரோக நிவாரணியல்ல. குழந்தைகளுக்கு மொலா கறி கொடுத்து நடத்திய, 2008இல் வெளியான ஆய்வில், அவர்கள் உடலில் வைட்டமின் ஏ அளவு எதிர்பார்த்தபடி உயரவில்லை. கீரை, முட்டை, பருப்பு எல்லாம் கூடவே வேண்டும்.

2021இல் தில்ஸ்டெட்டுக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. காயவைத்த சிறுமீனைக் கொண்டு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சட்னி, சோறூட்டத் தொடங்கிய குழந்தைகளுக்குப் பொடி என்று செய்யும் முறைகளும் அவர் பணியில் உருவானவையே.