எஃப், எச், ஐ, எஸ், ஏ: ஒரு காளையார்கோவில் கோப்பும் தமிழ் மென்பொருள் வரலாறும்

போன மாதம் காளையார்கோவில் வீட்டுக்கு, அப்பாவுக்காக ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு போனேன். விண்டோஸ் 11, ஒரு உலாவி, லிப்ரேஆபிஸ், பிடிஎஃப் பார்க்க ஒன்று, வீடியோவுக்கு விஎல்சி. எல்லாம் அரை மணி நேர வேலை. (லினக்ஸ் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் ஆசைதான். ஆனால் நான் இல்லாதபோது மெஷின் நின்றுபோனால் வந்து பார்க்கிற கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ்தான்.)

பிறகு பழைய வன்தட்டிலிருந்து அப்பாவின் 'ஊர் வரலாறு' ஃபோல்டரை நகல் எடுத்துப் போட்டேன். முதல் கோப்பைத் திறந்தால் தலைப்பே இப்படி இருந்தது: ஆங்கிலத்தில் எஃப், எச், ஐ, எஸ், ஏ, எச், யூ, ஒரு அரைப்புள்ளி, பிறகு என், எஃப், எச், டி, பி, ஒய், மறுபடி அரைப்புள்ளி.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏம்ப்பா, இது என்ன பாஷை?"

அது 'காளையார்கோவில்'. பாமினி எழுத்துருவில் அடித்த காளையார்கோவில்.

அப்பா டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் முடித்தவர். 2002 வாக்கில் ஒரு அசெம்பிள் செய்த மெஷினில், விண்டோஸ் 98-இல், ஆறேழு வருஷம் உட்கார்ந்து அடித்த குறிப்புகள் இவை. புறநானூற்றுக் கானப்பேர் எயில், 1772 சண்டையில் முத்துவடுகநாதர் இறந்தது, 1801-இல் மருது சகோதரர்கள் காலத்தில் கோட்டை விழுந்தது, கோயில், ஊரணி, தெருப்பெயர்கள் என்று நூற்றைம்பது பக்கத்துக்கு மேல். கோப்பு கெடவில்லை, ஒரு பைட்கூட மாறவில்லை. ஆனாலும் படிக்க முடியவில்லை. இது ஏன் என்று தேடப் போனதில் தமிழ் மென்பொருளின் முப்பது வருஷக் கதைக்குள் போக வேண்டியதாயிற்று.

கணினியில் தமிழ் என்பது உண்மையில் மூன்று தனித்தனிச் சமாச்சாரம். திரையில் தெரியும் உருவம் எழுத்துரு. விரல் எங்கே போகிறது என்பது விசைப்பலகை. கோப்புக்குள் எந்த எண்ணாகச் சேமிக்கிறோம் என்பது குறியேற்றம், அதாவது என்கோடிங். இன்றைக்கு இவை மூன்றும் வேறு வேறு. அன்றைக்கு மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள், நாமும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டோம்.

பாமினி அந்தப் பொட்டலத்துக்கு நல்ல உதாரணம். ஆங்கில 'ஜே' இருக்கும் எண்ணில் 'த' என்ற உருவத்தை வைத்துவிட்டார்கள், 'கே' இடத்தில் 'ம', 'எஃப்' இடத்தில் 'க', அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் எந்த விரலுக்கு எந்த எழுத்தோ, பெரும்பாலும் அதே வரிசை. எழுத்துருக் கோப்பு ஒன்றை ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் போட்டால் போதும், வேறு மென்பொருளே வேண்டாம். டைப்ரைட்டிங் படித்தவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். இலங்கையிலும், புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் அது அவ்வளவு பரவியதற்குக் காரணம் இந்தச் சுலபம்தான். இன்றைக்கு அதைத் திட்டுவது எளிது, ஆனால் ஒரு விண்டோஸ் 98 மெஷினில் இதைவிடச் சுருக்கமான வழியை என்னாலும் சொல்லியிருக்க முடியாது. விலை என்னவென்றால், கோப்பைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது அர்த்தமில்லாத ஆங்கிலம். எழுத்துரு இருக்கும்வரைதான் அது தமிழ்.

பாமினி ஒன்று மட்டும் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல், கனடாவில் ஸ்ரீநிவாசனின் ஆதமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன் என்று ஆளுக்கொரு அட்டவணை. இந்தப் பட்டியலில் எல்லாமே வெளிநாடு என்பதைக் கவனியுங்கள். என் ஊகம்: இங்கே தமிழில் ஏதாவது அடிக்க வேண்டும் என்றால் தெருமுனையில் டிடிபி சென்டர் இருந்தது, அங்கே இருந்தவர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பிறகு இங்கேயும் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, டிடிபி சென்டருக்கு ஒரு எழுத்துரு என்று ஆனது. ஒரு இதழின் இணையதளத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கி வைத்தால் அடுத்த இதழுக்கு அது உதவாது.

இதைச் சரிசெய்ய இரண்டு முயற்சிகள் நடந்தன. உலகெங்கும் இருந்த தமிழர்கள் 1990களின் பின்பாதியில் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. ஒரு பைட்டில் 256 இடம் இருக்கிறது, கீழ்ப் பாதியில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு மேல் பாதியில் தமிழ். இரண்டாவது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு. அதிலிருந்து டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையும் வந்தன. இதில் ஒரு வேடிக்கை: விசைப்பலகை இன்றுவரை உயிரோடு இருக்கிறது, குறியேற்றங்கள் போய்விட்டன. தமிழ் 99 அவ்வளவு நல்ல வடிவமைப்பு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' நாலே தட்டு.

இத்தனை சண்டைக்கும் நடுவே யூனிகோடு 1991-லேயே வந்துவிட்டிருந்தது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம். இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி வைத்ததால் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடைக்கவில்லை. 'கோ' என்றால் க ஒரு எண், ஓகாரக் குறி ஒரு எண். இதற்கு வந்த எதிர்ப்பு நியாயமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். 'தமிழ்' என்ற சொல் பாமினியில் 5 பைட், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். 1.44 எம்பி ஃப்ளாப்பி காலத்தில் அது பெரிய விஷயம். எல்லா எழுத்துக்கும் தனி இடம் கேட்டவர்களின் முயற்சிதான் டேஸ் 16 ஆனது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. நடைமுறையில் ஜெயித்தது யூனிகோடு. அது கூடவே வந்தது, நாம் போய்த் தேட வேண்டியதில்லை என்பது முக்கியக் காரணம்.

'கூடவே வந்தது' என்பதும் சட்டென்று நடந்ததல்ல. விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்தது. எக்ஸ்பி-யில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிகள் பகுதியில், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லும் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டால் விண்டோஸ் சிடி-யைக் கேட்கும். புதுசாக மெஷின் வாங்கிய எத்தனை வீட்டில் அந்த சிடி இருந்தது? கடைக்காரரே ஒரே சிடி-யைப் பத்து வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். அந்த ஒரு டிக் இல்லாமல் தமிழ் இணையத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்தவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருத்தன்.

அப்புறம் 2003-ஐ ஒட்டி வலைப்பதிவுகள் வந்தன, அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா வந்தது. முகுந்தராஜின் இ-கலப்பை, விஸ்வநாதனின் அழகி, பிறகு நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் எல்லாம் இலவசமாகவே கிடைத்தன. என் கணக்கில் இவை செய்த பெரிய காரியம், அந்தப் பழைய பொட்டலத்தைப் பிரித்தது. என்எச்எம் ரைட்டரில் பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே அடிக்கலாம், கோப்பில் விழுவது யூனிகோடு. விரல் பழக்கம் ஒருபக்கம், கோப்பின் ஆயுள் இன்னொரு பக்கம். அப்பாவுக்கு 2002-இல் கிடைக்காமல் போனது இதுதான்.

சரி, கோப்புகளுக்கு வருவோம். பாமினிக் கோப்புகளைச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகளில் போட்டால் நொடியில் யூனிகோடு. மாற்றி செய்வது எழுத்துக்கு எழுத்து பதிலி மட்டுமல்ல. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பார்கள்: 'ளை' என்றால் ஐகாரக் கொம்பு முதலில், ள பின்னால். யூனிகோடில் ள முதலில். 'கோ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. மாற்றி இவற்றை ஒட்டி, வரிசை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிக்கிய இடம் வேறு. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலிருந்து அப்பா சில பத்திகளை ஆங்கிலத்திலேயே எடுத்து எழுதியிருந்தார். வெறும் உரையாக நகலெடுத்தால் எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. கோட்டை என்ற பொருளில் வெல்ஷ் எழுதிய 'ஃபோர்ட்' எல்லாம் 'கழசவ' ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. வேர்டு கோப்பில் எழுத்துருப் பெயர் பதிவாகியிருக்கும் என்பதால், பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்ற ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன்.

இன்னொரு கோப்பு, வெளியே ஒரு டிடிபி சென்டரில் அடித்தது. எழுத்துருவின் பெயர் கோப்பில் இருக்கிறது, எழுத்துரு எங்கேயும் இல்லை. எந்த மாற்றிக்கும் அந்த அட்டவணை தெரியவில்லை. ஆனால் தலைப்பு என்ன என்று எனக்குத் தெரியுமே! 'காளையார்கோவில்' என்ற ஒரு பெயரை வைத்தே க, ள, ய, ர, வ, ல, கால், ஐகாரக் கொம்பு, ஏகாரக் கொம்பு, இகரக் கொக்கி, புள்ளி என்று 11 குறிகள் பிடிபட்டன. தமிழ் உரையில் மிக அதிகமாக வரும் குறி புள்ளி, அதுவும் எண்ணிக்கையில் பொருந்தியது. மிச்சத்தை சிவகங்கை, மருது, திருப்பத்தூர் என்று தெரிந்த பெயர்களைத் தேடித் தேடி இரண்டு ராத்திரியில் நிரப்பினேன்.

அந்தக் கோப்பில் ஊரணி பற்றிய இரண்டு பக்கம் மட்டும் மீளவில்லை. யாரோ எப்போதோ, அனேகமாக நானே, அதைத் தவறான குறியேற்றத்தில் சேமித்திருக்கிறேன். மேல் பாதி எண்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. எழுத்துரு தொலைந்தால் கண்டுபிடிக்கலாம். எல்லா எழுத்தும் ஒரே கேள்விக்குறி ஆகிவிட்டால் அதற்குள் ஒன்றுமே இல்லை. அச்சுப் பிரதியும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி எந்த மடை வழியா வந்துச்சுன்னு சொன்னவரு போய்ச் சேந்துட்டாரு" என்றார்.

விண்டோஸ் 11-இல் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் 99 கத்துக்குங்க என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த வயசுலயா? என் விரலுக்கு அதுதாம்ப்பா தெரியும்." என்எச்எம் ரைட்டரைப் போட்டு டைப்ரைட்டர் வரிசையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நோட்பேடைத் திறந்து, கண்ணைக் கீழே போடாமல் 'காளையார்கோவில்' என்று அடித்தார். சேமித்த கோப்பை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, போனில் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. அடுத்த வரியில் 'ஊரணி' என்று அடித்துவிட்டு, ஞாபகம் வருகிற வரைக்கும் எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.